பிரசவ ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள்

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், நெஞ்சு ஒரு மாதிரி அடைக்கிறது என்று டாக்டரிடம் போகிறார். சுகர் உண்டா, பிரஷர் உண்டா, அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததா என்றெல்லாம் கேட்கிறார்கள். "கர்ப்பமாக இருந்தபோது பிரஷர் ஏறியதா?" என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. அவரும் சொல்வதில்லை. பிள்ளைக்கே இருபத்தைந்து வயதாகிவிட்டது, அந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்று நினைத்துக்கொள்கிறார்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. ப்ரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தின் பிற்பாதியில் பிரஷர் ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய், வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. கர்ப்பகாலத்தில் சுகர் வந்தவர்களுக்கு டைப் 2 நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்குக் குறையாது. கர்ப்பத்தின்போது ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது, நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்க்கின்றன. அந்தச் சுமையில் எங்கே பலவீனம் இருக்கிறதோ அது வெளியே தெரிந்துவிடுகிறது. பிரசவம் ஆனதும் அளவுகள் இறங்கிவிடுவதால், சரி, போய்விட்டது என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடாதீர்கள். கர்ப்பகால சுகர் இருந்தால் பிரசவமான 12 வாரத்துக்குள் குளுக்கோஸ் பரிசோதனை ஒன்று, அப்புறம் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. ஃபைலும் பத்திரமாக இருக்கட்டும்.

பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் மாதவிடாய் ஒழுங்கில்லாமல் போகும் நிலை) விஷயத்திலும் இதே கதைதான். குழந்தை பிறந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் இருந்தால் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், அது புற்றுநோய் வரை போகலாம்.

மாதவிடாய் வலியில் சுருண்டு படுக்கும் பெண்ணிடம், குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது; கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் அது. அது என்னவென்று தெரியவே பலருக்கு வருடக்கணக்கில் ஆகிறது.

இன்னொரு தவறு, ஆய்வுச் செய்தியின் தலைப்பை மட்டும் படித்துப் பயந்துவிடுவது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை பற்றி அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுகிறது என்று செய்தி பரவியது, எத்தனையோ பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். கணக்கை அருகில் வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 10,000 பேரில் 30 பேருக்கு வந்தது 38 ஆனது. அதாவது எட்டுப் பேர் கூடுதல். கூடுதல் கூடுதல்தான், ஆனால் தலைப்பு காட்டிய பூதம் இல்லை. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. அந்த முடிவை அப்படியே 38 வயதில் மாதவிடாய் நின்றுபோன பெண்ணுக்குப் பொருத்தக் கூடாது. ஹார்மோன் இல்லாமல் அவருடைய எலும்பு சீக்கிரமே தேய்கிறது, இதயத்துக்கும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் வேறு தடை இல்லாவிட்டால், சுமார் ஐம்பது வயது வரை ஹார்மோன் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் ஒதுங்குவதும் தவறே. ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை, அடைப்பு முதலில் அங்கேதான் தெரியும். விறைப்புக் குறைவு ஆரம்பித்துச் சில வருடங்களில் மாரடைப்பு வந்தவர்கள் உண்டு. வெட்கப்பட்டு, யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லி பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.