சோலார் இன்வெர்ட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்-எண்ணைப் பாருங்கள்

கடை, ஆலைக் கூரைக்கு கிரிட்டில் (மின்வாரிய லைனில்) இணையும் சோலார் போடுகிறீர்களா? இன்வெர்ட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதன் ஆர்-எண்ணை (இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரும் பதிவு எண்) வாங்கி, அந்த அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, நீங்கள் வாங்கும் மாடல் அந்தப் பதிவில் உள்ளதா என்று தெரிந்துவிடும். மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள்; சிக்கல் பெரும்பாலும் அந்த வால் எழுத்தில்தான்.

பதிவு நிறுவனம் முழுவதற்கும் கிடைப்பதில்லை. ஒரு தொழிற்சாலைக்கு, குறிப்பிட்ட மாடல்களுக்கு மட்டும்தான். பெயர்ப்பலகையில் உள்ளதும் சான்றிதழில் உள்ளதும் வேறாக இருந்தால் மின்வாரிய ஆய்வின்போது இணைப்புக் கோப்பு நின்றுவிடும். மாட்டிய இன்வெர்ட்டரை டீலர் எளிதில் திரும்ப எடுக்கமாட்டார். சான்றிதழில் இந்தியத் தர எண்களான ஐஎஸ் 16221 பகுதி 2 (பாதுகாப்பு), ஐஎஸ் 16169 (கரண்ட் போனதும் லைனுக்கு மின்சாரம் அனுப்புவதை நிறுத்துவது) இரண்டும் வேண்டும். இரண்டாவது இல்லையென்றால், லைனில் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து.

ஆர்-எண் எல்லாவற்றுக்கும் பதிலாகாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிகள் கேட்கும் ஹார்மோனிக்ஸ் (மின் அலை வடிவச் சிதைவு) வரம்புக்கும், இன்வெர்ட்டரின் முழுத் திறனில் 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய டிசி கசிவுக்கும் (லைனுக்குள் போகும் நேர் மின்சாரம்) டெஸ்ட் ரிப்போர்ட்டைத் தனியாகக் கேளுங்கள். பேனலுக்கு ஏஎல்எம்எம் (மத்திய அரசு ஒப்புதல் தந்த மாடல்கள், தயாரிப்பாளர்கள்) பட்டியல் வேறு. கிரிட்டோடு இணையாத பேட்டரி அமைப்பு என்றால் 16169 தேவையில்லை. 16221 அப்போதும் வேண்டும்.