போர்டின் மேல் கை வைக்காதீர்கள்

போன மாதம் பெங்களூரு அல்சூரில் எங்கள் சபை வாலிபர்கள் தொடங்கியிருக்கும் விளையாட்டு மாலைக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் இரண்டு கேரம் போர்டு, ஒரு மேசையில் கட்டான் என்ற போர்டு கேம், ஓரமாகச் செஸ். சபைக்கு வெளியே இருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் பொறுப்பிலிருந்த தம்பி எழுந்து, "எல்லாரும் ஒரு அஞ்சு நிமிஷம் கவனிங்க" என்று வேதத்தைத் திறந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினெட்டு வருடத்துக்கு முன் லிங்கராஜபுரத்தில் நான் செய்த அதே காரியம்.

நேரத்துக்குத் தொடங்குங்கள், காய் தொலையாமல் பாருங்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. நடத்த நடத்த வந்துவிடும். நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டியதில், தானாகப் புரியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஆட்டத்தை நிறுத்திப் பிரசங்கிப்பது

எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் சனிக்கிழமைதோறும் கேரம் நடக்கும். பக்கத்துச் சந்தில் குடியிருந்த ஒரு பிளம்பர் தம்பி, கிருஷ்ணகிரிப் பக்கம், நாலு மாதமாக ஒரு வாரம் விடாமல் வந்தார். ஒருநாள் டீ வந்ததும் நாங்கள் தலை குனிந்து ஜெபித்ததைப் பார்த்துவிட்டு, "கண்ணை மூடி என்னண்ணா கேப்பீங்க?" என்றார். "ஒண்ணும் கேக்கல தம்பி, நன்றிதான் சொன்னோம்" என்றேன். "கேக்கவே மாட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு ஸ்ட்ரைக்கரை எடுத்தார். அவர் மனதில் அது வேலை செய்துகொண்டிருந்தது. நான் காத்திருக்க வேண்டிய நேரம் அது.

எனக்கோ அவசரம். ஞாயிறு பள்ளியில் நாம் எல்லோரும் பார்த்த, எழுத்தே இல்லாமல் நிறப் பக்கங்கள் மட்டும் உள்ள வார்த்தையில்லாப் புத்தகம் இருக்கிறதே, கறுப்பு பாவம், சிவப்பு இயேசுவின் இரத்தம், வெள்ளை சுத்தமான இருதயம். 1866இல் லண்டனில் ஸ்பர்ஜன் என்ற பிரசங்கியார் இந்த மூன்று நிறத்தை வைத்துத்தான் பிரசங்கித்தார். பரலோகத்தைக் காட்டும் பொன் நிறப் பக்கத்தை 1875இல் டி. எல். மூடி என்ற அமெரிக்கச் சுவிசேஷகர் சேர்த்தார். கேரம் போர்டில் கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, நடுவே சிவப்பு. ஆண்டவரே எனக்காக எடுத்து வைத்த உதாரணம் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தத் தம்பி 18 புள்ளியில் இருந்தார். ஸ்ட்ரைக்கரை எதிர்ச் சுவரில் அடித்துத் திருப்பி, தன் பக்கமாக ஒட்டிக் கிடந்த சிவப்புக் காயை, அதாவது ரெட்டைப் பாக்கெட்டில் இறக்கினார். சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். இனி ஃபாலோ போட வேண்டும், அதாவது அடுத்த அடியிலேயே தன் காய் ஒன்றைப் போட்டால்தான் ரெட் அவருக்குச் சேரும். வலது மூலையில், பாக்கெட்டின் வாயிலேயே ஒரு வெள்ளைக் காய். சின்னப் பிள்ளை ஊதினாலே விழும். அவர் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தபோது நான் போர்டின் மேல் கையை வைத்து, "தம்பி, ஒரு நிமிஷம். இந்தச் சிவப்பு எதைக் காட்டுது தெரியுமா?" என்றேன்.

இருபது நிமிடம் பேசினேன். அவர் விரல் மடக்கியபடியே இருந்தது. நான் முடிப்பதற்குள் யாருடைய முழங்கையோ பட்டு அந்த வெள்ளைக் காய் நகர்ந்திருந்தது. எங்கே இருந்தது என்று ஆளுக்கொரு இடம் காட்டினார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்ட்ரைக்கரைப் பெட்டியில் போட்டு, "லேட்டாயிடுச்சுண்ணா" என்று செருப்பை மாட்டினார். அதற்குப் பிறகு வரவில்லை. மூன்று வருடம் கழித்துக் கம்மனஹள்ளியில் ஒரு ஹார்டுவேர் கடையில் பார்த்தேன். நன்றாகத்தான் பேசினார். கிளம்பும்போது, "அன்னைக்கு அந்த ஃபாலோவை மட்டும் போட விட்டிருக்கலாம்ணா" என்றார்.

இதை இன்று வேறொருவர் செய்யும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. பிரசங்கம் பிடிக்காதவன் கூட்டத்திலிருந்து எழுந்து போகலாம். பாதி ஆட்டத்தில் இருப்பவன் எதிராளியை விட்டுவிட்டு எப்படிப் போவான்? எழ முடியாத இடத்தில் ஒருவரை உட்கார வைத்துச் சுவிசேஷம் சொல்வது, அவர் நம் வீட்டை நம்பி வந்ததற்குச் செய்கிற துரோகம். பேதுருவின் முதல் நிருபம் மூன்றாம் அதிகாரம், நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொல்கிறது. அந்தத் தம்பி கேட்டது ஜெபத்தைப் பற்றி. நான் சொன்னது இரத்தத்தைப் பற்றி.

இப்போது கூப்பிடும்போதே சொல்லிவிடுகிறோம்: ஆறிலிருந்து எட்டு வரை ஆட்டம், பிறகு டீ, அதற்குப் பிறகு விருப்பமுள்ளவர்கள் மட்டும் கால் மணி நேரம் வேதம் வாசிக்க உட்காருவோம். டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களை வாசல் வரை போய் அனுப்புகிறோம். நடுவில் யாராவது கேட்டால், கேட்ட அளவுக்குத்தான் பதில்.

பணம் வைத்து ஆடுவது

கூடாது. டீக்காகவும் கூடாது.

பரமபதத்தைக் 'கிறிஸ்தவமாக்குவது'

ஒரு சபையில் பரமபதப் படத்தை மாற்றி வரைந்திருந்தார்கள். தசமபாகம் கொடுத்தால் ஏணி, ஆராதனைக்கு வராவிட்டால் பாம்பு, உச்சியில் பரலோகம். உழைத்து வரைந்த பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வைகுண்ட ஏகாதசி இரவில் பக்தியோடு பரமபதம் ஆடுகிற வைணவ வீட்டுப் பிள்ளை இதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? அதைவிடப் பெரிய சிக்கல், நற்செயலால் படிப்படியாக ஏறிப் பரலோகம் சேரலாம் என்பது நம் சுவிசேஷமே இல்லை. எபேசியர் இரண்டாம் அதிகாரத்தில் பவுல் மறுப்பதே அதைத்தான். இரட்சிப்பு கிருபையினால், கிரியைகளினால் அல்ல. ஆட்டத்தை ஆட்டமாகவே ஆடுங்கள்.

பரிசும் சுவிசேஷமும் ஒரே பையில்

ஜெயித்தவருக்குக் கோப்பை கொடுங்கள், தோற்றவருக்கும் பிரியாணி போடுங்கள். அதை வேதபாடத்துக்கு வருவதோடு முடிச்சுப் போடாதீர்கள். அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. தன் மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்வதே அந்த உரிமை, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், ஆசை காட்டி வரவழைத்த ஆளிடம் என்ன சாட்சி சொல்வோம்?

ஆட்டத்தில் மனமில்லாமல் ஆடுவது

கட்டான் விதி தெரியாமல் கட்டான் மேசை போடாதீர்கள். 1995இல் ஜெர்மனியில் வந்த ஆட்டம், கணக்குப் போட்டுப் பண்டமாற்று செய்தால்தான் அதில் ருசி. ஐடி பிள்ளைகள் அதை உயிராக ஆடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆடுகிறவரை அவர்கள் இரண்டே சுற்றில் கண்டுபிடித்துவிடுவார்கள். கேரமானால் 22 புள்ளி எட்டியவருக்கு ரெட்டுக்குரிய 3 புள்ளி கிடையாது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன் ஆனதைப் பற்றி அரைமணி நேரம் ஆசையாகப் பேசத் தெரிந்தவரிடம்தான் மனிதர்கள் வீட்டுக் கஷ்டத்தையும் பேசுவார்கள்.

'வேண்டாம்' என்றவரைக் கூப்பிடாமல் விடுவது

என் நண்பர் ஒருவர் ஒன்பது வருடத்துக்கு முன்பே, "எனக்கு இதில் நம்பிக்கை இல்லைங்க, கேரமுக்கு மட்டும் வரேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். வாங்க என்றேன். அவருக்காக நான் ஜெபிப்பது அவருக்கும் தெரியும். ஐந்தே முக்காலுக்கெல்லாம் வந்துவிடுவார். போர்டைத் துடைத்துப் போரிக் பவுடர் தூவுவது இன்றுவரை அவர்தான்.