டிவி பெட்டியில் பதிந்ததைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

கோணேசர் கோயில் தேரோ கிரிக்கெட் ஆட்டமோ, எதைப் பதிந்திருந்தாலும் பெட்டி (டிவியோடு இணைக்கும் செட்டொப் பொக்ஸ்) பழுதாகுமுன் கணினிக்கு மாற்றிவிடுவது நல்லது. கேபிள் வாங்க ஓடுமுன் பதிவு பூட்டியதா (அந்தப் பெட்டியில் மட்டும் ஓடுவதா) திறந்ததா (கணினியிலும் ஓடுவதா) என்று பாருங்கள். செய்யும் வழி அதைப் பொறுத்தது.

பெட்டியை நிறுத்திவிட்டு ஹார்ட் டிஸ்க்கையோ பென் டிரைவையோ கழற்றிக் கணினியில் செருகுங்கள். விண்டோஸ் 'ஃபோர்மட் செய்யவா?' என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஆம் என்று அழுத்தினால் பதிவுகளைப் பிறகு மீட்பது பெரும்பாடு. சில பெட்டிகள் டிஸ்க்கை லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தின் முறையில் அமைக்கும். விண்டோஸுக்கு அது புரியாது, அவ்வளவுதான். லினக்ஸ் வகையான உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்து இயக்கினால் கோப்புகள் தெரியும், கொப்பி பண்ணலாம்.

கோப்பு விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் ஓடினால் வேலை பாதி முடிந்தது. பெரும்பாலும் அது டிஎஸ் (.ts) என்ற டிவி ஒளிபரப்புக் கோப்பு வகையாக இருக்கும். 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) எச்டி பதிவு மணிக்கு 3.6 ஜிபி பிடிக்கும். ஃபாட்32 (FAT32) முறையில் அமைத்த டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. அதனால் நீண்ட பதிவு துண்டு துண்டாகக் கிடக்கும். எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் முதல் துண்டைச் சேர்த்து, மற்றவற்றை அதன் பின்னால் வரிசையாக இணைத்து, எம்கேவி (.mkv) வீடியோ கோப்பாக எடுங்கள். படம் மறுபடி சுருக்கப்படாததால் தரம் குறையாது, நேரமும் அதிகம் எடுக்காது. விளம்பரங்களை நீக்க லாஸ்லெஸ்கட் என்ற வெட்டும் மென்பொருள் போதும். வெட்டு நீங்கள் குறித்த இடத்துக்குச் சற்று முன்பின்னாக விழலாம். மாரி மழையில் சிக்னல் விட்டுவிட்டு வந்த பதிவென்றால், உடைந்த இடத்துக்குப் பின் வாயசைவும் குரலும் பொருந்தாமல் போகக்கூடும். அந்த இடத்தை வெட்டி, இரண்டு கோப்புகளாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

விஎல்சியில் ஓடாமல், அதே பெட்டியில் மட்டும் ஓடினால் பதிவு பூட்டியது. கட்டணச் சேனல்களில் இதுதான் வழக்கம். திறப்பு அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் கோப்பைக் கொப்பி பண்ணிப் பயனில்லை. பெட்டியில் ஓடவிட்டு, ஏவி வெளியீட்டிலிருந்து (மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைக் கேபிள்) யூஎஸ்பி கேப்சர் கருவி வழியாகக் கணினியில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரப் பதிவுக்கு இரண்டு மணி நேரமே ஆகும். எச்டிஎம்ஐ கேப்சரை நம்பிப் பணம் போடாதீர்கள். பாதுகாப்புக் குறியீடு இருந்தால் கறுப்புத் திரைதான் வரும்.

கணினியில் பதியும் ஓபிஎஸ் (OBS) மென்பொருளில் பால் (PAL) என்ற டிவி முறை, 720×576, நொடிக்கு 25 படச்சட்டம் (ஃபிரேம்) என்று வையுங்கள். அகலத்திரைப் பதிவானால் 1024×576 ஆக இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆட்கள் ஒல்லியாகத் தெரிவார்கள். அசையும்போது சீப்புப் பல் போலக் கோடுகள் வந்தால் அவற்றை நீக்கும் 'டீஇன்டர்லேஸ்' தெரிவில் யாடிஃப் (Yadif) என்பதைப் போடுங்கள். எம்பி4 வேண்டாம், எம்கேவியாகவே பதியுங்கள்: நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பிடித்தது மிஞ்சும். சாதாரண எம்பி4 என்றால் முழுக்கோப்புமே திறக்காமல் போகலாம்.

படம் வராமல் இரைச்சல் மட்டும் கேட்டால், பெட்டியில் 3.5 மிமீ துளை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் துளையில் செருகும் ஏவி கேபிள்களின் இணைப்பு ஒழுங்கு ஒன்றுபோல் இருப்பதில்லை. மஞ்சள் முனையையும் சிவப்பு முனையையும் மாற்றிச் செருகினால் பல நேரம் சரியாகும். படம் வந்து வந்து போனால் முனைகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர உப்புக் காற்றில் அது சீக்கிரம் பிடிக்கும். ஐசோபுரோபைல் அல்ககோலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். முழுவதையும் பிடிக்குமுன் ஒரு நிமிடம் பதிந்து, சத்தத்தோடு ஓடவிட்டுப் பாருங்கள்.