‘டுவர்ட்ஸ்’: நோக்கிச் செல்வது வேறு, போய்ச் சேர்வது வேறு

தமிழில் ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு பல வேலைகளைத் தனியாகச் செய்துவிடுவதால், ஆங்கிலத்தில் ‘டு’ வரவேண்டிய இடத்தில் ‘டுவர்ட்ஸ்’ என்றும், ‘டுவர்ட்ஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘டு’ என்றும் மாற்றி எழுதுகிறோம். ‘ஹீ வாக்ட் டு த பிரிட்ஜ்’ என்றால் அவர் பாலத்தை அடைந்துவிட்டார். ‘ஹீ வாக்ட் டுவர்ட்ஸ் த பிரிட்ஜ்’ என்றால் பாலம் இருக்கும் திசையில் நடந்தார் என்பது மட்டுமே உறுதி. பாதி வழியில் திரும்பியிருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது.

ஐயம் வந்தால் கால அளவைச் சேர்த்துப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் முடிந்த பயணம் என்னும் பொருள் தரும் ‘இன் டென் மினிட்ஸ்’ என்பது ‘டு’ உள்ள வாக்கியத்தோடு இயல்பாகப் பொருந்தும். ‘டுவர்ட்ஸ்’ வரும்போது ‘ஃபார் டென் மினிட்ஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும். சேருமிடத்தைச் சுட்டாத நடைக்கு நீளம் உண்டே தவிர முடிவு இல்லை. என் அனுபவத்தில் இலக்கண விதிகளைவிட இந்தச் சோதனையே விரைவாகக் கைகொடுக்கிறது.

பந்தெறிதலில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. ‘த்ரூ த பால் டு ஹிம்’ என்றால் அவர் பிடிப்பதற்காக எறிந்தது. ‘அட் ஹிம்’ என்றால் அவரைக் குறிபார்த்து எறிந்தது. ‘டுவர்ட்ஸ் ஹிம்’ என்றால் அவர் இருந்த பக்கமாக எறிந்தது, அவ்வளவே.

‘டுவர்ட்ஸ் டு’ என்று இரண்டையும் அடுக்குவது பிழை. ‘கோ டு ஹோம்’ என்பதும் பிழைதான், ‘கோ ஹோம்’ என்றாலே போதும். ஆனால் ‘வாக்ட் டுவர்ட்ஸ் ஹோம்’ என்பது சரி. ‘ரீச்’ என்னும் வினை முன்னிடைச்சொல் எதையும் ஏற்காமல் இடப்பெயரை நேராகவே எடுத்துக்கொள்ளும்.

காலத்தைக் குறிக்கையில் ‘டுவர்ட்ஸ் சிக்ஸ்’ என்பது ஆறு மணியை நெருங்கும் வேளை. ‘ஆறு மணிக்குள் அனுப்புங்கள்’ என்று கெடு விதிப்பவர் ‘பை சிக்ஸ்’ என்றே எழுத வேண்டும். மனப்பான்மையைச் சொல்லும்போது, பெயர்ச்சொல்லான ‘கைண்ட்னஸ்’ பெரும்பாலும் ‘டுவர்ட்ஸ்’ என்பதை ஏற்க, பெயரடையான ‘கைண்ட்’ என்பதோ ‘டு’ என்பதையே விரும்புகிறது. ‘லுக் ஃபார்வர்ட்’ என்னும் தொடரிலும் ‘டு’ மட்டுமே வரும். எதிர்காலத்தை நோக்கும் பொருள் இருக்கிறதே என்று அங்கே ‘டுவர்ட்ஸ்’ சேர்ப்பது பொருந்தாது.

இறுதியில் ‘ஸ்’ ஒலி இல்லாத ‘டுவர்ட்’ அமெரிக்க வழக்கு, ‘டுவர்ட்ஸ்’ பிரித்தானிய வழக்கு. இரண்டும் சரியே என்றாலும் ஒரே கட்டுரையில் கலந்து எழுதாமல் இருப்பது நல்லது.

பணம் செலுத்தும் கடிதங்களில் கூடுதல் கவனம் தேவை. ஒரு தொகையை ‘டுவர்ட்ஸ் த லோன்’ செலுத்தியதாக எழுதினால், கடனில் ஒரு பகுதியைக் கட்டியதாகவே வாசிப்பவர் பொதுவாகப் புரிந்துகொள்வார். முழுவதையும் அடைத்தவர் ‘பெய்ட் ஆஃப் த லோன்’ என்று எழுதினால்தான் மீதி எவ்வளவு என்ற கேள்வி திரும்பி வராது.