நண்பர்களுடன் சைக்கிள் பயணம்: குமரியின் மண்பாதைகளில் படம்பிடிக்கும் முறை

குழுவாகச் சைக்கிளில் செல்வதைப் படம்பிடிக்க நினைக்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஓர் ஆக்‌ஷன் கேமராவை வாங்கி ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு, புறப்படும்போது அழுத்திய பொத்தானை வீடு திரும்பியபின்தான் அணைக்கிறார்கள். அப்படிக் கிடைக்கும் பதிவில் பாதை இருக்கும், முன்னால் செல்பவரின் முதுகும் இருக்கும். ஆனால் உடன் வந்த நண்பர்களின் முகங்கள் இருக்காது. கூட்டுப் பயணத்தின் படத்தில் நாம் பார்க்க விரும்புவது அந்த முகங்களைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்தச் செய்முறை முழுவதும், சைக்கிளோடு ஓடுகிற கேமராவை அளவோடு பயன்படுத்தி, ஓரிடத்தில் நிற்கிற கேமராவுக்கு முதலிடம் கொடுக்கும் வழியையே சொல்கிறது.

முதல் படி: பாதையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முயற்சிக்குக் கடினமான மலைப்பாதை வேண்டாம். நாகர்கோவிலிலிருந்து தேரூர் குளக்கரை, சுசீந்திரம், பழையாறு கடலில் சேரும் மணக்குடி என்று செல்லும் வழி ஏறக்குறைய சமதளமாக இருப்பதால், கவனத்தைச் சைக்கிளிலிருந்து கேமராவுக்குத் திருப்ப நேரம் கிடைக்கும். குளக்கரை, வயல்வரப்பு, தென்னந்தோப்பு, கடற்கரை என்று காட்சிகளும் சீக்கிரம் சீக்கிரமாக மாறும். கை பழகிய பிறகு குலசேகரம், கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களின் செம்மண் வழிகளுக்குச் செல்லலாம். சானல்கரைகள், அதாவது பாசனக் கால்வாய்களின் கரைகள், இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. ஒரு பக்கம் தண்ணீர் இருப்பதால் அங்கே வரிசையாக மட்டுமே செல்ல வேண்டும்.

ரப்பர் தோட்டங்கள் தனியாருக்கோ அரசு ரப்பர் கழகத்துக்கோ உரியவை என்பதால் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறுங்கள். அவற்றைத் தாண்டியுள்ள காடு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே சைக்கிளையும் செலுத்தக் கூடாது, ட்ரோனையும் பறக்கவிடக் கூடாது. மாத்தூர் தொட்டிப்பாலத்தை எல்லோரும் மேலிருந்து எடுக்க ஆசைப்படுவார்கள். 1966-இல் கட்டப்பட்ட, 115 அடி உயரமுள்ள அந்தப் பாலத்தின் மேல்நடைபாதை நடப்பவர்களுக்கானது. கீழே பறளியாற்றங்கரையில் நின்று, உயர்ந்த தூண்களுக்கு முன்னால் நண்பர்கள் சிறிய உருவங்களாகச் செல்வதை எடுத்தால்தான் பாலத்தின் உயரம் பார்ப்பவருக்குப் புரியும்.

இரண்டாம் படி: கருவிகளைத் தயார் செய்யுங்கள்

ஐந்து பேர் செல்லும் குழுவுக்கு ஓர் ஆக்‌ஷன் கேமராவும் ஒரு நல்ல கைப்பேசியும் போதும். ஆளுக்கொரு கேமரா இருந்தால் எடிட்டிங்கில்தான் சுமை கூடும். மெமரி கார்டு வி30 குறியீடு உள்ளதாக இருக்கட்டும். அந்தக் குறியீடு, கார்டு நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் வேகத்தில் எழுதும் என்பதற்கான உறுதி. நொடிக்கு 100 மெகாபிட் (எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட்) அளவில் 4கே தரத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 45 ஜிபி ஆகும். அதாவது 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். எப்போதும் ஓடவிடாமல் தேவையான இடத்தில் மட்டும் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதுமான காரணம்.

இவற்றுடன் ஒரு கூடுதல் பேட்டரி, லென்ஸைத் துடைக்க மென்மையான பருத்தித் துணி, கேமரா கழன்றாலும் கீழே விழாதபடி கட்டி வைக்க ஒரு சிறு கயிறு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். சொத்தவிளை, சங்குத்துறை போன்ற கடற்கரைகளில் உப்புக்காற்று லென்ஸின் மேல் மெல்லிய படலமாகப் படியும். சிறிய திரையில் அது தெரியாது, வீட்டில் பெரிய திரையில் பார்க்கும்போது மட்டுமே படம் முழுவதும் வெளிறியிருப்பது தெரியவரும். அதனால் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் லென்ஸைத் துடையுங்கள். மணல் ஒட்டியிருந்தால் முதலில் ஊதி அகற்றிவிட்டுப் பிறகு துடையுங்கள்.

மூன்றாம் படி: கேமராவை மாட்டும் இடம்

ஹெல்மெட்டின் உச்சியில் மாட்டினால் பார்வை உயரமாகி வேகம் குறைந்ததாகத் தோன்றும். மார்புப் பட்டையில் மாட்டினால் கைகளும் ஹேண்டில்பாரும் காட்சிக்குள் வரும். ஓட்டுபவரின் உழைப்பு அதில் தெரியும் என்பதால் மண்பாதைக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். மார்புப் பட்டையின் கோணத்தை நின்றுகொண்டு சரிபார்க்கக் கூடாது. சைக்கிளில் ஏறி, ஓட்டும் நிலையில் முன்சாய்ந்து அமர்ந்து, ஹேண்டில்பார் படத்தின் அடிப்பகுதியில் ஏறக்குறைய கால்வாசி இடத்தில் வருமாறு கேமராவை மேல்நோக்கித் திருப்புங்கள். அப்படிச் செய்யாவிட்டால் படம் முழுவதும் முன்சக்கரமும் தரையுமாகவே இருக்கும்.

மூன்றாவது இடம் சீட்டுக்கு அடியில் உள்ள கம்பி. அங்கே கேமராவைப் பின்னோக்கி மாட்டினால் பின்னால் வரும் நண்பர்களின் முகங்கள் கிடைக்கும். அகலக் கோண லென்ஸ் எல்லாவற்றையும் தள்ளிக் காட்டும் என்பதால் பின்வருபவர் ஐந்தாறு மீட்டருக்குள் இருந்தால்தான் அவருடைய முகபாவம் தெரியும். எதிரே வண்டிகள் வராத, நேரான, மெதுவாகச் செல்லக்கூடிய இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். இறக்கத்தில் அவ்வளவு நெருக்கம் ஆபத்து.

நான்காம் படி: அமைப்புகள்

எல்லாக் கேமராக்களையும் நொடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று ஒரே அளவில் வையுங்கள். பள்ளத்தைத் தாண்டுவதுபோல வேகத்தைக் குறைத்துக் காட்ட விரும்பும் காட்சியை மட்டும் 60 ஃபிரேமில் எடுங்கள். எடிட்டிங்கில் காட்சிகளை வரிசையாக அடுக்கும் 30 ஃபிரேம் டைம்லைனில் அது தடையின்றிப் பாதி வேகத்தில் ஓடும். எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு மாற்றி வைத்துவிட்டால், பிறகு கோப்புகள் தாமாகவே நிகழ்ந்த வரிசையில் அமையும்.

ரப்பர் தோட்டத்துக்குள் ஒளிதான் பெரிய சிக்கல். இலைகளின் ஊடே வெயில் திட்டுத்திட்டாக விழுவதால் கேமரா ஒவ்வொரு நொடியும் வெளிச்ச அளவை மாற்றிக்கொண்டே இருக்கும், படமும் மினுங்கும். கைப்பேசியில் எடுப்பவர்கள், நண்பர் கடந்து செல்லப்போகும் இடத்தைத் திரையில் நீண்ட நேரம் அழுத்தி எக்ஸ்போஷரை, அதாவது அந்த வெளிச்ச அளவை, மாறாமல் பூட்டிவிட வேண்டும். ஓடும் கேமராவுக்கு நிழலில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்டெபிலைசேஷன் என்பது ஒவ்வொரு ஃபிரேமையும் சற்று நகர்த்தி நடுக்கத்தை மறைக்கும் வித்தை. ஷட்டர் மெதுவாக இருந்தபோது ஃபிரேமுக்குள்ளேயே பதிந்துவிட்ட மங்கலை அதனால் அழிக்க முடியாது. ஆகவே அடர்ந்த நிழலில் வேகமாக ஓட்டி எடுப்பதைவிட, நின்று எடுப்பதே நல்லது. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும் ஜனவரியை ஒட்டிய வாரங்களில் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

ஐந்தாம் படி: எடுக்கும் ஒழுங்கு

இதுவே முக்கியமான பகுதி. புறப்படுவதற்கு முன்பே யார் எப்போது எடுப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் குழுவைவிட இருநூறு மீட்டர் முன்னால் சென்று இறங்கி, சைக்கிளைப் பாதையை விட்டு ஓரத்தில் வைத்து, இடத்தைத் தேர்ந்து நின்று, கையைத் தூக்கி அடையாளம் காட்டியதும் மற்றவர்கள் வர வேண்டும். அவர்கள் கடந்து சென்ற பிறகும் பத்து நொடிகள் பதிவை நிறுத்தாதீர்கள். புழுதி அடங்குவதும் சிரிப்பொலி தேய்வதும் எடிட்டிங்கில் மிகவும் பயன்படும். அடுத்த இடத்துக்கு வேறொருவர் முன்னே செல்லட்டும். இப்படி மாறி மாறிச் சென்றால்தான் எல்லோரும் படத்தில் இருப்பார்கள்.

ஒரே இடத்தை மூன்று விதமாக எடுங்கள்: முழு நிலப்பரப்பும் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, ஆட்கள் கடந்து செல்வதாகப் பக்கவாட்டில் ஒன்று, மிக நெருக்கமாக ஒன்று. செம்மண் அப்பிய செயின், கியர் மாற்றும் விரல், ரப்பர் மரத்தின் வெட்டுக்கோட்டில் வழிந்து சிரட்டைக்குள் சொட்டும் பால் போன்றவை நெருக்கமான காட்சிகளுக்கு உரியவை. சிரட்டையை எடுக்கும்போது அதைத் தொடாதீர்கள். அது ஒருவருடைய அன்றைய கூலி. அருகில் பால் வெட்டுபவர் இருந்தால், “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டே கேமராவைத் திருப்புங்கள். கடற்கரையில் வலை பிரிப்பவர்களிடமும் அப்படியே.

ஏற்றத்தின் செங்குத்தைக் காட்டுவது புதியவர்களுக்குக் கடினமாக இருக்கும். மேலிருந்தோ கீழிருந்தோ நேராக எடுத்தால் அகலக் கோண லென்ஸ் ஏற்றத்தைச் சமதளம்போல ஆக்கிவிடும். பக்கவாட்டில் நின்று, கேமராவைச் சரிவுக்கு ஏற்பச் சாய்க்காமல் மட்டமாகப் பிடித்து, நேராக நிற்கும் இரண்டு மரங்கள் காட்சிக்குள் வருமாறு எடுங்கள். மரத்தண்டுக்கும் பாதைக்கும் இடையிலான கோணத்தைக் கண்டதும், நண்பர் ஏன் மூச்சு வாங்குகிறார் என்பது பார்ப்பவருக்கு விளங்கிவிடும்.

நேரத்தைப் பொறுத்தவரை, இங்கே சூரியன் ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கும் ஆறே முக்கால் மணிக்கும் இடையில் உதித்து விரைவாக மேலேறிவிடும். சாய்ந்த இளவெயில் அதிக நேரம் நீடிக்காது என்பதால் முக்கியமான காட்சிகளை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஆறாம் படி: ஒலி

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் மைக்குக்கு இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காது. அந்தக் காற்று மேற்கிலிருந்து கிழக்காகக் கணவாயைக் கடப்பதால், தோவாளையிலிருந்து முப்பந்தல் நோக்கிச் சென்றால் அது உங்கள் முதுகில் வீசும். ஓட்டுவதும் எளிதாகும், இரைச்சலும் குறையும். மைக்கின் மேல் பஞ்சு உறை போடுவது எப்போதும் நல்லது. பேச்சை ஓடும்போது பதிவு செய்ய முயல வேண்டாம். டீக்கடையில் நிற்கும்போது, கைப்பேசியை அருகில் வைத்து, அன்று நடந்ததை நண்பர்களையே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். படத்துக்கு அதைவிடச் சிறந்த விவரணை கிடைக்காது. டயர் மண்ணில் உரசும் ஓசை, சானல் தண்ணீரின் சலசலப்பு ஆகியவற்றையும் அரை நிமிடம் வீதம் தனியாக எடுத்து வையுங்கள்.

ஏழாம் படி: எடிட்டிங்

அன்று இரவே எல்லாக் கோப்புகளையும் இரண்டு இடங்களில் நகலெடுத்த பிறகே கார்டை அழியுங்கள். டீக்கடைப் பேச்சை முதலில் டைம்லைனில் அடுக்கி, அதன் மேல் காட்சிகளை வையுங்கள். கதை எங்கே போகிறது என்பதைப் பேச்சே தீர்மானிக்கும். ஒரு காட்சி மூன்று முதல் ஐந்து நொடி, மொத்தப் படம் மூன்று நிமிடம் என்பது தொடக்கத்துக்கு ஏற்ற அளவு. முகங்கள் தெரியும் காட்சி இருக்கும் இடத்தில் பாதை மட்டும் தெரியும் காட்சியைத் தயங்காமல் நீக்குங்கள். எவரேனும் ஒரு நண்பர் ஒரு காட்சியிலும் வராமல் விடுபட்டிருக்கிறாரா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள். முடித்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பினால் நீங்கள் எடுத்த தரத்திலேயே எல்லோருக்கும் போய்ச் சேரும்.