முதுமைக்கென்று சிறிய வீடு: கட்டும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணி ஓய்வு பெற்ற பிறகு பெரிய வீட்டைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டோ விற்றுவிட்டோ, வேலூரை ஒட்டிய காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் பாகாயத்திலும் முப்பதுக்கு நாற்பது அடி மனையில் தங்களுக்கென்று ஒரு சிறிய வீட்டைக் கட்டிக்கொள்ளும் தம்பதியர் பெருகி வருகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் வரைபடம் போடும்போது பெரும்பாலோர் பழைய வீட்டில் இருந்த அறைகள் அத்தனையையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் அளவை மட்டும் குறைக்கிறார்கள். மற்றத் தவறுகளில் பாதி இந்த ஒரு தவறிலிருந்தே பிறக்கின்றன. வயதான காலத்து வீட்டில் அறைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், நடக்கும் இடத்தின் அகலத்தைக் குறைக்கக் கூடாது.

பத்துக்குப் பத்து படுக்கையறையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலின் நீளம் ஆறரை அடி என்றால் கால்மாட்டில் மிஞ்சுவது மூன்றரை அடி. அங்கே இரண்டு அடி ஆழத்தில் அலமாரி வைத்தால் நடப்பதற்கு ஒன்றரை அடிதான் இருக்கும். வாக்கர் பிடித்து நடப்பவருக்கு இரண்டு அடிக்குக் குறைந்த வழி போதாது; சக்கர நாற்காலியை ஒரே இடத்தில் திருப்ப ஐந்து அடி விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். பொங்கலுக்கு மட்டும் வரும் பிள்ளைகளுக்காக ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் இரண்டாவது படுக்கையறையைக் கைவிட்டால், அந்தச் சதுர அடியைக் கொண்டு இந்த அறையையும் குளியலறையையும் தாராளமாக்கிவிடலாம். வருகிறவர்கள் ஹாலில் படுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் அது யாருக்கும் புதிதல்ல.

வேலூருக்கே உரிய ஒரு தவறும் உண்டு. சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் குடும்பத்தினரும் விஐடி மாணவர்களும் எப்போதும் வீடு தேடிக்கொண்டிருப்பதால், நல்ல வாடகை தரும் தரைத்தளத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, வீட்டுக்காரர்கள் மாடியில் குடியேறிவிடுகிறார்கள். அறுபது வயதில் ஏறிய படி எழுபத்தைந்தில் ஏற முடியாமல் போகும். அது மட்டுமன்று, கத்திரி வெயில் காலத்தில் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும் இந்த ஊரில், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு நெடுநேரம் கீழே வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். சில ஆயிரம் ரூபாய் வாடகை குறைந்தாலும் தரைத்தளத்தைத் தங்களுக்கு வைத்துக்கொள்வதே சரி.

வெயிலைப் பற்றிய பேச்சோடு கன்னி மூலையையும் சொல்லியாக வேண்டும். தென்மேற்கு மூலையில் படுக்கையறை வைப்பது பலரும் விடாமல் கடைப்பிடிக்கும் வழக்கம். பிற்பகல் வெயில் முழுவதையும் வாங்கும் மூலையும் அதுவே. சூரியன் தாழ்ந்து சாய்வாக அடிக்கும் நான்கு மணிக்கு மேல், மேற்கு ஜன்னலுக்கு மேலே நீட்டிய ஒன்றரை அடி சன்ஷேடு பெரிதாக உதவாது. வழக்கத்தை விட மனமில்லாதவர்கள் மேற்குச் சுவரில் ஜன்னலைத் தவிர்த்து அலமாரிகளை நிறுத்தி, கட்டிலைத் தெற்குச் சுவரோடு சேர்த்துப் போடலாம். தெற்கே தலை வைத்துப் படுப்பதும் வழக்கத்துக்கு ஒத்ததே. வெளியே இடமிருந்தால் மேற்கில் ஒரு புங்கமரம் வளர்க்கலாம்.

தரைமட்டத்தை உயர்த்துவதில் நடக்கும் தவறு மிகவும் கவலை தருவது. சாலை ஒவ்வொரு முறை போடப்படும்போதும் உயர்கிறது என்பதால், மேஸ்திரி சொல்வதைக் கேட்டு மூன்று அடி, நான்கு அடி என்று ஏற்றிவிட்டு, வாசலில் செங்குத்தாக ஆறு படிகளைக் கட்டுகிறார்கள். பின்னாளில் சாய்தளம் போட்டுக்கொள்ளலாம் என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. மூன்று அடி உயரத்துக்கு 36 அடி நீளமும், நடுவில் நின்று மூச்சுவிட ஒரு சமதளமும் வேண்டும். நாற்பது அடி மனையில் அதைப் பின்னால் எங்கே நுழைப்பது? 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோதும் மற்றப் பெருமழைகளிலும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, தேவைக்கு மேல் ஏற்றாமல் இருங்கள். பக்கவாட்டில் விடும் இடத்தை நான்கு அடியாக வைத்து, அதன் நீளம் முழுவதையும் சாய்தளமாக்கிச் சமையலறைக் கதவில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். இதைக் கடைக்கால் போடும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

குளியலறையில் பணம் செலவழிக்கிறார்கள், ஆனால் வேண்டாத இடத்தில். பளபளக்கும் டைல்ஸில் சோப்பு நீரோடு போர் தண்ணீரின் உப்பும் படிந்தால் கால் நிற்காது. சொரசொரப்பான டைல்ஸ்தான் போட வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டிலிருந்து எழும் முதியவரின் கை எங்கே போகிறது என்று பாருங்கள்: பக்கத்துச் சுவரில் துண்டு போட வைத்த மெல்லிய கம்பிக்குத்தான் போகும். இரண்டு சிறிய திருகாணிகளில் நிற்கும் அது உடல் எடையைத் தாங்காமல் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எடை தாங்கும் கைப்பிடியை டாய்லெட்டின் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும் பொருத்துவதென்றால், நாலரை அங்குலச் சுவராக இருக்கும் பட்சத்தில், பூச்சு வேலைக்கு முன்பே கொத்தனாரிடம் இடத்தைக் காட்டி அங்கே கான்கிரீட் நிரப்பச் சொல்லிவிட வேண்டும். டாய்லெட்டின் இருக்கை தரையிலிருந்து 18 அங்குலம் இருப்பது எழுவதற்கு எளிது. கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும். உள்ளே விழுந்தவரின் உடல் கதவை மறித்தால் யாராலும் திறக்க முடியாது. இரண்டரை அடிக் கதவும் கூடாது, ஏனெனில் நிலைச்சட்டம் போக மிஞ்சும் வழியில் சக்கர நாற்காலி நுழையத் திணறும். சட்டம் போக மூன்று அடி கிடைக்கும்படி நிலைக்கு அளவு கொடுங்கள்.

சுவிட்சுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: பிளக் பாயிண்ட்டுகளைக் குனியாமல் எட்டும் உயரத்தில் வையுங்கள், கட்டிலில் படுத்தபடியே போடும் விளக்கும், குளியலறை வரை வழிகாட்டும் ஒரு சிறிய இரவு விளக்கும் தவறாமல் வேண்டும். பரணில் அன்றாடப் பொருள் எதுவும் போகாதபடி கீழேயே அலமாரி இருக்கட்டும்.

மனை மலிவாகக் கிடைக்கிறது என்று பேருந்தும் மருந்துக்கடையும் இல்லாத இடத்துக்குப் போவதும், ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சந்தில் வாங்குவதும் வீட்டின் எல்லா வசதியையும் வீணாக்கிவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் வாங்குகிறவர்கள் நிலத்தடி நீரையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றுப் பகுதி நீரைக் கெடுத்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996இல் தீர்ப்பானது.

கடைக்காலுக்குக் குறி போடும் நாளில் தம்பதியர் இருவரும் மனைக்குப் போய், சுண்ணாம்புக் கோட்டுக்குள் கட்டில், அலமாரி, டாய்லெட் ஆகியவற்றின் இடங்களையும் கோலமாவில் வரையச் சொல்லுங்கள். ஒரு வாக்கரை இரவல் வாங்கிக்கொண்டு, கட்டிலிலிருந்து குளியலறைக்கும் அங்கிருந்து வாசலுக்கும் கோடுகளை மிதிக்காமல் நடந்து பாருங்கள். மிதிபடும் இடத்தை அன்றே மாற்றினால் செலவு எதுவும் இல்லை. சுவர் எழும்பிய பிறகு மாற்றினால் இடித்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.