செவ்வாய்ல நின்னு நம்ம பூமிய பாக்கலாம் வாங்க: ஸ்டெல்லேரியம் புதுசா தொடுறவங்களுக்கு

எங்க ஊர் ஆரம்பாக்கம். தமிழ்நாட்டு எல்லை இதோட முடியுதுனே வச்சுக்கலாம், தாண்டினா தடா, அப்புறம் சூளூர்பேட்டை, அங்க இருந்து பழவேற்காடு ஏரிய குறுக்கால கடந்தா ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விட்டா மாடியில இருந்தே தெரியும், வெளிச்சம் முதல்ல வரும், சத்தம் ஆற அமர பின்னாடி வந்து ஜன்னல ஆட்டும். 2013 நவம்பர் 5, மத்தியானம் 2:38க்கு மங்கள்யான் கிளம்பினப்ப எங்க தெருவே மாடியில தான் நின்னுச்சு. செவ்வாய்க்குப் போற வண்டி செவ்வாய்க்கிழமையா பாத்து கிளம்புதேனு பெரியம்மா சொன்னாங்க, பக்கத்து வீட்டு தெலுங்குக்காரங்க அந்தக் கிழமைய மங்களவாரம்னு சொல்வாங்க, ரெண்டு பேர்லயும் இருக்கிறது ஒரே கிரகம் தான்.

அன்னைக்கு என் அக்கா பொண்ணு கேட்டா, அங்க போய் நின்னு அண்ணாந்து பாத்தா என்ன மாமா தெரியும்னு. அந்தக் கேள்விக்கு வாயால பதில் சொல்றத விட கையால செஞ்சு காட்டுறது நல்லது. கம்ப்யூட்டரும், வானத்த அப்படியே ஸ்க்ரீன்ல காட்டுற ஸ்டெல்லேரியம்ங்கிற சாஃப்ட்வேரும் இருந்தா போதும், காசு செலவே இல்ல.

முதல்ல மாடிக்குப் போங்க

சாஃப்ட்வேர அப்புறம் பாத்துக்கலாம். நம்ம வானம் எப்படி இருக்குனு தெரியாம செவ்வாய் வானத்த பாத்தா எது மாறுச்சு எது மாறலன்னு புரியாது. எங்களுக்கு தெக்குப் பக்கம் எண்ணூர், சென்னை வெளிச்சம் இருக்கும், அதனால வடக்குப் பக்கம் திரும்பி நிக்கிறது வசதி. துருவ நட்சத்திரத்த கண்டுபிடிங்க. எங்க ஊர்ல அது அடிவானத்துல இருந்து சுமாரா பதிமூன்றர டிகிரி உயரம் தான், கைய நேரா நீட்டி முஷ்டிய மடக்கினா ஒரு முஷ்டி 10 டிகிரி, அப்போ ஒன்னேகால் முஷ்டிக்கு கொஞ்சம் மேல. கார்த்திகை கூட்டம், திருவாதிரை, கேட்டை, இதுல அந்த சீசன்ல எது தெரியுதோ அத மனசுல வச்சுக்கோங்க. விடிவெள்ளி தெரிஞ்சா ரொம்ப நல்லது, அது பின்னாடி தேவைப்படும்.

இன்ஸ்டால்

ஸ்டெல்லேரியம் டாட் ஆர்க் சைட்டுக்குப் போங்க, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுக்கும் இருக்கு, சில நூறு எம்பி வரும். ஃபேபியன் ஷெரோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 2000த்துல ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் இலவசம். இந்தப் பாடத்துக்கு கம்ப்யூட்டர் வெர்ஷன் தான் வேணும், மொபைல்ல முயற்சி பண்ணாதீங்க.

திறந்ததும் எஃப்6 அழுத்துங்க. லொகேஷன் விண்டோ வரும். முதல்ல உங்க ஊர போட்டு அதையே டீஃபால்ட்டா வச்சுக்கோங்க, நீங்க மாடியில பாத்த அதே வானம் ஸ்க்ரீன்ல வருதானு சரி பாருங்க. இத தாண்டிப் போயிடாதீங்க, இந்த சாஃப்ட்வேர் காட்டுறது நிஜம்னு உங்களுக்கே நம்பிக்கை வர்றது இங்க தான்.

இப்போ செவ்வாய்க்குப் போறோம்

அதே விண்டோல பிளானட்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல எர்த்த மாத்தி மார்ஸ் போடுங்க. இடம் எதுனாலும் பரவால்ல, ஆனா நான் சொல்றது கேல் பள்ளம், 2012ல கியூரியாசிட்டிங்கிற நாசாவோட ரோவர், அதாவது தரையில ஓடுற ஆய்வு வண்டி, இறங்கின இடம். அட்சரேகை தெற்கு 4.6 டிகிரி, தீர்க்கரேகை கிழக்கு 137.4. அட்சரேகைய மட்டும் கவனமா போடுங்க, எந்த நட்சத்திரம் எவ்வளவு உயரத்துல வரும்னு தீர்மானிக்கிறது அது தான், தீர்க்கரேகை கொஞ்சம் தப்பினாலும் பொழுது முன்ன பின்ன ஆகும், அவ்வளவு தான்.

புதுசா வர்றவங்க எல்லாரும் மாட்டுற இடம் இது: உங்க ஊர்ல ராத்திரியா இருக்கும், மார்ஸ் போட்டதும் ஸ்க்ரீன் வெளிச்சமா ஆயிடும். கெட்டுப்போகல. உங்க கடிகாரம் நம்ம ஊர் நேரத்துலயே ஓடுது, அங்க அந்த நேரத்துக்கு பகலா இருக்கலாம். எல் கீய ரெண்டு மூணு தடவ தட்டினா நேரம் வேகமா ஓடும், சூரியன் அடையிற வரைக்கும் விடுங்க, அடைஞ்சதும் கே தட்டினா பழைய வேகம். ஜே பின்னாடி கொண்டு போகும், 8 தட்டினா இப்போதைய நேரத்துக்கு வந்துடும். அங்க ஒரு நாள் 24 மணி 39 நிமிஷம் 35 செகண்ட், அதனால இன்னைக்கு ராத்திரி 8 மணிக்கு இருட்டா இருந்தா நாளைக்கும் 8 மணிக்கு அதே இடத்துல இருக்கும்னு நினைக்காதீங்க, நாளுக்கு நாள் 40 நிமிஷம் மாதிரி நழுவிட்டே போகும்.

ஆகாசத்தோட கலர மட்டும் இதுல பாத்து முடிவு பண்ணாதீங்க. நிஜத்துல அங்க பகல் வானம் தூசியால பழுப்பு மஞ்சளா இருக்கும், அந்தி நேரத்துல சூரியன சுத்தி நீலமா இருக்கும், நமக்கு நேர் தலைகீழ். ஸ்பிரிட் ரோவர் 2005 மே மாசம் அந்த நீல அந்திய படம் எடுத்துச்சு. அந்த சூரியனும் நாம பாக்குற அகலத்துல மூணுல ரெண்டு பங்கு தான்.

எது மாறல, எது மாறுச்சு

இருட்டினதும் சி கீய தட்டுங்க, கோடு போட்டு நட்சத்திரக் கூட்டத்த காட்டும். உங்க மாடியில பாத்த அதே கார்த்திகை, அதே திருவாதிரை. இம்மி கூட நகரல. சூரியன விட்டா பக்கத்து நட்சத்திரமே 4.2 ஒளியாண்டு தூரம், அந்த தூரத்துக்கு முன்னாடி பூமிக்கும் செவ்வாய்க்கும் இருக்கிற இடைவெளி ஒரு கணக்கே இல்ல.

ஆனா துருவம் மாறிடும். எஃப்6ல அட்சரேகைய வடக்கு 40னு மாத்துங்க, ஷிஃப்ட்டோட என் தட்டினா வடக்கு பாத்து நிக்கும், எல் ரெண்டு தடவ. வானம் நம்ம துருவ நட்சத்திரத்த சுத்தாது, அதுவே மத்த நட்சத்திரம் மாதிரி சுத்திட்டு இருக்கும். செவ்வாயோட அச்சு டெனப், ஆல்டெரமின்ங்கிற ரெண்டு நட்சத்திரத்துக்கும் நடுவுல ஒரு காலி இடத்த காட்டுது, ரெண்டுல இருந்தும் கிட்டத்தட்ட ஒரு முஷ்டி தூரம். நம்ம கடல்ல வடக்கு பாத்து படகு விட்டவங்க அங்க போனா இந்த ரெண்டுக்கும் நடுவுல குறி வைக்கணும்.

மேக்கால உதிக்கிற நிலா

எனக்கு ரொம்ப பிடிச்சது இது. மறுபடி கேல் பள்ளத்துக்கு வாங்க. செவ்வாய்க்கு ரெண்டு நிலா, அதுல ஒன்னு போபோஸ். எஃப்3 அழுத்தி அந்தப் பேர இங்கிலீஷ்ல டைப் பண்ணி எண்டர் தட்டுங்க, தரைக்குக் கீழ இருந்தா ஜி கீய தட்டி தரைய எடுத்துடலாம். இப்போ நேரத்த வேகமா ஓட விடுங்க. நட்சத்திரம் எல்லாம் கிழக்குல எழுந்து மேக்க போகும், போபோஸ் மட்டும் மேக்க எழுந்து கிழக்க போகும், எதிர்ல வர்ற பஸ் மாதிரி. காரணம் லேசு தான்: தரைக்கு சுமாரா 6000 கிமீ மேல தான் சுத்துது, ஒரு சுத்துக்கு 7 மணி 39 நிமிஷம், செவ்வாய் தன்ன தானே சுத்துறத விட இது வேகம். அதனால ஒரே நாள்ல எழுந்து அடைஞ்சு மறுபடியும் எழும், போற வழியிலயே பிறை தேயும் வளரும். நம்ம நிலாவோட அகலத்துல சுமாரா மூணுல ஒரு பங்கு தான் தெரியும்.

இன்னொரு நிலா டெய்மோஸ். அதுக்கு ஒரு சுத்து 30 மணி சொச்சம், கிழக்க எழுந்து மேக்க அடைய ரெண்டர நாளுக்கு மேல ஆகும். கண்ணுக்கு ஒரு பிரகாசமான நட்சத்திரம் மாதிரி தான்.

இப்போ நம்மள பாக்கலாம்

எஃப்5 அழுத்தி தேதிய 2014 ஜனவரி 31 போடுங்க. இடம் கேல் பள்ளம். சூரியன் அடையிற வரைக்கும் ஓட்டுங்க, அப்புறம் இன்னும் 80 நிமிஷம். மேக்க பாருங்க, எஃப்3ல எர்த்னு தேடுங்க. கியூரியாசிட்டி அன்னைக்கு அந்தியில இதே புள்ளிய தான் படம் எடுத்துச்சு, அப்போ நாம அதுக்கு 16 கோடி கிமீ தூரத்துல இருந்தோம்.

வீல்ல ஜூம் பண்ணுங்க, இல்லனா சாய்கோடு (/) கீய தட்டினா அதுவே கிட்ட கொண்டு போகும். புள்ளி ரெண்டாகும். பெருசு பூமி, பக்கத்துல சின்னது நிலா. இன்னும் கிட்ட போனா நம்ம பூமிக்கும் பிறை இருக்கிறது தெரியும். எங்க சித்தப்பா விடிவெள்ளிய பாத்து தான் ஏரிக்கு வலை எடுத்துட்டு கிளம்புவாரு, அங்க யாராவது வலை வீசினா அவங்களுக்கு விடிவெள்ளி நாம தான், விடியலுக்கு முன்னாடியோ அந்திக்கு அப்புறமோ தெரியும், சூரியன விட்டு 47 டிகிரிக்கு மேல விலகாது. இத காட்டினப்ப அக்கா பொண்ணு ரொம்ப நேரம் பேசவே இல்ல, அப்புறம் ஆரம்பாக்கம் எந்தப் பக்கம்னு கேட்டா.

கடைசியா ஒன்னு. தேதி 2084 நவம்பர் 10. எஃப்3ல சன் தேடி பெருசா ஜூம் பண்ணுங்க, ஏ தட்டி காத்து மண்டலத்த எடுத்துடுங்க, ஜி தட்டி தரையையும் எடுத்துடுங்க, நேரத்த ஓட்டுங்க. சூரியன் மேல ரெண்டு கருப்புப் புள்ளி நகந்து போகும், பூமியும் நிலாவும். இதுக்கு முன்னாடி நடந்தது 1984 மே 11, அப்போ அங்க கண்ணு திறந்து பாக்க ஒரு மெஷின் கூட உயிரோட இல்ல, அங்க இறங்கியிருந்த வைகிங் 1 லேண்டரே 1982ல பேச்ச நிறுத்திடுச்சு. 2084ல இப்போ பத்து வயசு புள்ளைங்களுக்கு எழுபது வயசு நெருங்கும். அவங்களுக்குள்ள ஒருத்தர் அங்க நின்னு பாக்கணும்னு எனக்கு ஆசை.

முடிச்சதும் கன்ட்ரோலோட எச் தட்டுங்க, நீங்க டீஃபால்ட்டா வச்ச ஊருக்குத் திரும்பிடும், 8 தட்டினா நேரமும் சரியாயிடும். அப்புறம் எஃப்3ல மார்ஸ்னு தேடி எந்தப் பக்கம், எத்தன மணிக்கு உதிக்குதுன்னு குறிச்சுக்கிட்டு மாடிக்குப் போங்க.